எங்கள் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டக் குடும்பம்: கவிதாவுக்கு எந்த சிம்?

சுமதி அத்தை: பிள்ளைகளே, என் மகள் கவிதாவின் ஆன்லைன் வகுப்புக்குப் போன் வாங்கியாகிவிட்டது. எந்த சிம், எந்த பேக்கேஜ் என்று யாராவது சொல்லுங்கள். கடைக்காரர் பெரிய பேக்கேஜ் ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறார்.

பெரியப்பா: எட்டிசலாட் எடுத்துக் கொடு. நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

தினேஷ்: பெரியப்பா, எட்டிசலாட் 2018இலேயே ஹட்ச்சோடு சேர்ந்துவிட்டது. உங்கள் 072 இப்போது ஹட்ச். 2024இல் ஏர்டெலும் டயலொக்கிடம் போய்விட்டது. இலங்கையில் மிச்சம் டயலொக், மொபிடெல், ஹட்ச் மட்டும்தான்.

பெரியப்பா: பெயர் மாறினால் என்ன, மணி அடிக்கிறதே!

தினேஷ்: அத்தை, விலையைப் பிறகு பார்ப்போம். கவிதா எங்கே உட்கார்ந்து படிக்கிறாள்?

சுமதி அத்தை: உள் அறையில்தான். இஸ்தோப்பில், வெளித் திண்ணையில், குளிர் தாங்காது.

தினேஷ்: அப்படியானால் அந்த அறையிலேயே பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் மேல் லயத்தில் (வீட்டு வரிசையில்) எடுக்கும் சிம் கீழ் லயத்தில் எடுக்காது, நடுவில் மலை மறைத்துவிடும். அக்கம்பக்கத்தில் வேறு வேறு சிம் உள்ளவர்களின் போனை வாங்கி, வகுப்பு நடக்கும் இரவு ஏழு மணிக்கு ஒரு வீடியோவை ஓடவிட்டுப் பாருங்கள். பகலில் பார்த்துப் பயனில்லை, எல்லோரும் போனைக் கையில் எடுக்கும் நேரத்தில்தான் வண்டவாளம் தெரியும்.

கவிதா: நேற்றே பார்த்துவிட்டேன் அண்ணா. அம்மாவின் சிம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் நான்கு கோடு காட்டுகிறது, அறைக்குள் வந்தால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. பக்கத்து வீட்டு அக்காவின் சிம் தடங்கல் இல்லாமல் ஓடியது.

தினேஷ்: கெட்டிக்காரி! அந்த அக்காவின் சிம்மையே எடு. வாரத்துக்கு எத்தனை வகுப்பு?

கவிதா: உயர்தரப் பாடம் மூன்று, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். எல்லாம் ஸூம்.

தினேஷ்: ஸூமில் எல்லோரும் முகம் காட்டிப் பேசினால் மணிக்கு 800 எம்பிக்கு மேல் போகும். வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 5 ஜிபி, மாதத்துக்கு 20. கேமராவை அணைத்துவிட்டுப் பாடத்தை மட்டும் பார்த்தால் அதைவிட நன்றாகக் குறையும். யூடியூப்பையும் 480p தரத்தில் வைத்துக்கொள், கரும்பலகை எழுத்து தெரிந்தால் போதும்.

ராணி சித்தி: வாட்ஸ்அப், பேஸ்புக் மட்டும் தரும் மலிவான பேக்கேஜ் ஒன்று இருக்கிறதே, அது போதாதா?

தினேஷ்: வகுப்புக்கு உதவாது சித்தி. வாட்ஸ்அப்பில் ஆசிரியர் அனுப்பும் இணைப்பைத் தட்டினால் அது வேறு பக்கத்தில் திறக்கும், அங்கே மலிவு பேக்கேஜ் கணக்கில் வராது. சாதாரண டேட்டா இல்லையென்றால் முன்கூட்டிப் போட்ட ரீலோட் பணத்தில் கைவைத்துவிடும். இரவு டேட்டா என்று பெரிய எழுத்தில் போடுவதும் அப்படித்தான். 40 ஜிபி என்பார்கள், பாதி நடுச்சாமத்துக்குப் பிறகு மட்டும்.

சுமதி அத்தை: நான் பெரட்டுக்கு, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க, போக நாலரைக்கே எழும்பிவிடுவேன். அப்போது தரவிறக்கலாமா?

தினேஷ்: தாராளமாக! வகுப்புப் பதிவுகளை அந்த நேரத்தில் இறக்கிவையுங்கள். எத்தனை மணிக்கு முடிகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ராணி சித்தி: எனக்குப் பேசுவதற்கும் வழி வைத்துவிடுங்கள். நான் இருக்கும் துபாயில் வாட்ஸ்அப் அழைப்பு எடுபடாது, போட்டிம் என்ற அழைப்புச் செயலிதான்.

தினேஷ்: போட்டிம் போட்டாலும் சாதாரண டேட்டாதான் செலவாகும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் முகம் பார்த்துப் பேசுவீர்கள் அல்லவா? 20க்கு மேல் கொஞ்சம் கூட்டியே வாங்குங்கள், அத்தை.

பெரியப்பா: மாதாமாதம் பில் வருகிற மாதிரி எடுத்தால் தொல்லை இல்லையே.

தினேஷ்: வேண்டாம் பெரியப்பா. விளம்பரத்தில் ஒரு விலை, பில்லில் இன்னொரு விலை. வற் எனும் பெறுமதி சேர் வரியே 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம், அதற்கு மேலும் வரி இருக்கிறது. கொழுந்துச் சம்பளம் ஒரு மாதம் போல் ஒரு மாதம் வருவதில்லை. கையில் இருப்பதற்கு ரீலோட் போடுவதே மேல். மற்றபடி புதுப் போனில் இரண்டு சிம் போடலாம். டேட்டாவுக்குப் புதியது, பேச அத்தையின் பழையது. பாடசாலையில் கொடுத்த நம்பரை மாற்ற வேண்டியதில்லை.

சுமதி அத்தை: அப்படியானால் என் சின்னப் போனுக்கு?

தினேஷ்: உங்களுக்கு யார் எடுப்பார்கள், கங்காணியைத் தவிர?

ராணி சித்தி: நான் எடுப்பேன். அவளுக்கும் ஒரு சிம் வாங்கு, பணம் அனுப்புகிறேன்.

கவிதா: அம்மா, சிம் பதிய உங்கள் அடையாள அட்டை வேண்டும். பஸ் ஏழு மணிக்கு, மறந்துவிடாதீர்கள்.