பழைய கேம்பர் வேனுக்கு அவசரக் கருவிப் பெட்டி: எதை வைப்பது, எதை விடுவது?

கூடாரவாசி:
எங்கள் வேன் 1994-இல் செய்யப்பட்டது. டீசல் இஞ்சின், பின்னால் படுக்கை, சிறிய கேஸ் அடுப்பு, விளக்குகளுக்குத் தனி பேட்டரி. அடுத்த மாதம் நானும் மனைவியும் ஆள் நடமாட்டம் குறைந்த சாலைகளில் நீண்ட பயணம் கிளம்புகிறோம். கடையில் 120 உருப்படிகள் கொண்ட கருவிப் பெட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அது போதுமா? எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியும், இஞ்சினைப் பிரித்ததில்லை. இருக்கைக்கு அடியில் ஒரே ஒரு பெட்டிக்குத்தான் இடம்.

பழைய இஞ்சின்:
தம்பி, அதை வாங்காதீர்கள். அதில் பாதி உங்கள் வேனில் எங்கும் பொருந்தாது. யாரிடமாவது ஸ்பானர் செட் ஒன்றை இரவல் வாங்கி, வேனின் ஒவ்வொரு நட்டிலும் போட்டுப் பாருங்கள். ஜப்பானிய வண்டி என்றால் பெரும்பாலும் 10, 12, 14, 17 மி.மீ.; ஐரோப்பிய வண்டி என்றால் 10, 13, 17, 19. பொருந்துகிற அளவுகளில் மட்டும் நல்ல தரமாக வாங்குங்கள். மிச்சப்படும் இடம் உதிரிகளுக்கு வேண்டும்.

இந்த வயது வேனை நடுவழியில் நிறுத்துவது பெரும்பாலும் ரப்பர்தான். கிளம்புவதற்கு முன்பே புது ஃபேன் பெல்ட் போட்டுவிட்டு, கழற்றிய பழையது விரிசல் இல்லாமல் இருந்தால் அதை உதிரியாக வையுங்கள். பெல்ட்டை மாற்றும் வேலையை வீட்டு வாசலிலேயே உங்கள் கையால் செய்யுங்கள். எந்த போல்ட்டைத் தளர்த்த வேண்டும், கை எந்த இடுக்கில் நுழையாது என்பதெல்லாம் பகல் வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும். ரேடியேட்டர் ஹோஸ் பல சமயம் கிளிப் அருகில்தான் கிழியும். நீளம் மிச்சமிருந்தால் கிழிந்த நுனியை வெட்டிவிட்டு மறுபடி மாட்டலாம். அதற்குக் கத்தி, இரண்டு மூன்று அளவில் ஹோஸ் கிளிப், தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப், ஐந்து லிட்டர் தண்ணீர். மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு டேப் அந்தச் சூட்டில் நிற்காது. இஞ்சின் ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவே கூடாது: உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும், மூடியைத் திறந்த கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

ஸ்டெப்னியையும் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் DOT என்ற எழுத்துகளுக்குப் பின் கடைசி நான்கு இலக்கம் 2308 என்றிருந்தால் அது 2008-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் அந்த ரப்பரை நம்ப மாட்டேன்.

மின்கம்பி:
மேலே சொன்னதோடு ஒரு மல்டிமீட்டர் கட்டாயம். விலை குறைந்ததே போதும். வண்டி ஓய்ந்து நிற்கும்போது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அருகில் காட்டும். இஞ்சின் ஓடும்போது ஏறத்தாழ 13.8 முதல் 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பெல்ட்டையும், அது சுழற்றி பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். புது பேட்டரி வாங்கி ஓடவேண்டியதில்லை. ஃப்யூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும். பெரியதைப் போட்டால் ஃப்யூஸ் தப்பித்துக் கம்பி எரியும், அதுவும் மரப்பலகைக்கும் மெத்தைக்கும் பின்னால். தனி பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி ஃப்யூஸ் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

தீயணைப்பானைக் கதவருகே மாட்டுங்கள், படுக்கைக்கு அடியில் வேண்டாம். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் கசிவு குமிழியாகத் தெரியும்.

கூடாரவாசி:
இருவருக்கும் நன்றி. ஸ்பானர் அளவு பார்த்தேன். எனக்குத் தேவை ஐந்தே அளவுகள். டீசல் ஃபில்டரும் உதிரியாக வேண்டுமா? இன்னொன்று: வண்டியோடு வந்த வீல் ஸ்பானரால் ஒரு சக்கர நட்டை அசைக்கக்கூட முடியவில்லை.

பழைய இஞ்சின்:
ஃபில்டர் வேண்டும். மாற்றியபின் உள்ளே காற்று புகுந்திருக்கும். உங்கள் வண்டியில் டீசலை ஏற்றும் கைப்பம்பு இருந்தால் அது இறுகும்வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். இறுகவே இல்லை என்றால் எங்கோ இணைப்பில் காற்று இழுக்கிறது.

நட்டு இப்போதே தெரியவந்தது நல்லது. பட்டறையில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கியிருப்பார்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே, துருவை இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவைத்து, நீளமான கைப்பிடியில் சரியான சாக்கெட் மாட்டித் திருப்புங்கள். அந்தக் கைப்பிடியும் சாக்கெட்டும் பெட்டிக்குள் போகட்டும். திரும்ப மாட்டும்முன் மரையிலிருக்கும் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். கையேட்டில் உள்ள முறுக்கு அளவு உலர்ந்த மரைக்கானது, எண்ணெய் இருந்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். நூறு கிலோமீட்டருக்குள் நிறுத்தி மறுபடி சரிபாருங்கள்.