ருடால்ஃபும் ஒதுக்கப்பட்ட பொம்மைகளின் தீவும்: பார்த்தவர்களும் செய்து பழகியவர்களும் பகிர்பவை

பொம்மைப்பெட்டி எழுதியது:

சிவப்பு மூக்கு ரெயின்டீர் (பனிமான்) ருடால்ஃபின் கதை, பொம்மைகளைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த படமாக 1964 டிசம்பர் 6, ஞாயிறு மாலை அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் முதலில் வந்தது. ஆர்தர் ராங்கினும் ஜூல்ஸ் பாஸும் தயாரித்தார்கள். திரைக்கதை ரோமியோ முல்லர், பாட்டுகள் ஜானி மார்க்ஸ். கதை சொல்லும் பனிமனிதனுக்குக் குரல் கொடுத்தவர் பர்ல் ஐவ்ஸ்.

பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தால் அவர்கள் மறுபடி மறுபடி கேட்பது ஒதுக்கப்பட்ட பொம்மைகளின் தீவைப் பற்றித்தான். ரயில்பொம்மையின் கடைசிப் பெட்டிக்குச் சதுரச் சக்கரம். தண்ணீர்த் துப்பாக்கி ஜெல்லியைப் பீய்ச்சுகிறது. பறவை பறக்காமல் நீந்துகிறது. கௌபாய் தீக்கோழிமேல் வருகிறான். யானைக்கு உடம்பெல்லாம் புள்ளி. பெட்டியைத் திறந்தால் துள்ளி எழும் கோமாளிக்கு ‘ஜாக்’ என்ற வழக்கமான பெயர் இல்லை, ‘சார்லி’ என்று பெயர். யாரும் விரும்பாத பொம்மைகளை மூன்ரேசர் என்ற சிறகுள்ள சிங்கராஜா இரவுதோறும் உலகம் முழுக்கத் தேடி எடுத்துவந்து அங்கே காக்கிறார்.

உங்களுக்குக் கிடைத்த பிரதிகளில் என்ன இருந்தது, என்ன இல்லை? இப்படிப் பொம்மைகளை வைத்துப் படமெடுக்கும்போது எங்கே தவறுகிறது? விவரமாக எழுதுங்கள்.

பழைய சுருள் எழுதியது:

பிரதியை அடையாளம் காண முதலில் பார்க்க வேண்டியது முடிவுக் காட்சி. 1964 ஒளிபரப்பில் சாண்டா (கிறிஸ்துமஸ் தாத்தா) தீவுக்கு வரவே இல்லை. பொம்மைகளைப் பற்றிச் சாண்டாவிடம் சொல்லச் சொல்லி மூன்ரேசர் ருடால்ஃபைக் கேட்டுக்கொள்வார். ஆனால் அந்தப் பேச்சு காப்பாற்றப்பட்டதாகத் திரையில் காட்டவில்லை. பார்த்தவர்கள் கடிதம் கடிதமாக எழுதினார்கள். 1965-இல் சாண்டாவின் வண்டி தீவுக்கு வந்து பொம்மைகளை ஏற்றிச் செல்லும் காட்சியைச் சேர்த்தார்கள். இதுவே சரியான முடிவு என்பது என் உறுதியான எண்ணம். குழந்தைகளுக்கான கதையில் கொடுத்த வாக்கு திரையிலேயே நிறைவேற வேண்டும்.

முதல் வடிவத்தின் கடைசிப் பெயர்ப்பட்டியலில் ஒரு குட்டிச்சாத்தான் (சாண்டாவுக்கு வேலைசெய்யும் எல்ஃப்) பரிசுப்பொட்டலங்களைப் போட்டுக்கொண்டே போவான், பெயர்கள் அந்தப் பொட்டலங்கள்மேல் இருக்கும். பின்வந்த வடிவத்தில் அவன் போடுவது தீவுப் பொம்மைகளை, குடை பிடிக்கவைத்து.

இன்னும் இரண்டு அடையாளம். கதையில் சுரங்கம் தேடி அலையும் யூகான் கார்னீலியஸ் தன் குந்தாலியை மண்ணில் எறிந்து நக்கிப் பார்ப்பதற்குக் காரணம், அவர் தேடுவது பெப்பர்மின்ட் சுரங்கம். அதைக் கண்டுபிடிக்கும் காட்சி 1965-இல் வெட்டுப்பட்டது. அது இல்லாத பிரதியில் ‘ஏன் நக்குகிறார்?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள், பதிலைப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். அதோடு ருடால்ஃபும், அவனோடு சேரும் குட்டிச்சாத்தான் ஹெர்மியும் சேர்ந்து பாடும் பாட்டையும் அப்போது வேறொன்றாக மாற்றினார்கள். பிற்கால வெளியீடுகளில் பழைய பாட்டு திரும்ப வந்தது.

தலைப்பில் வரும் ரோமன் எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். ஆண்டைக் குறிக்கையில் ‘எம்’ (M) எழுத்து ஒன்று விட்டுப்போனதால் அது 1964-க்குப் பதில் 1164 என்று நிற்கிறது. உங்கள் பிரதியில் உள்ள கோளாறு அல்ல அது.

ஓடும் நேரம் ஏறக்குறைய 51 நிமிடம். பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்த டிவிடியில், விநாடிக்கு 24 ஃபிரேம் (தனித்தனி நிலைப்படம்) ஓடும் படத்தை 25 ஆக ஓட்டுவதால் 49 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் சற்றுக் கீச்சென்று கேட்கும். நேரம் குறைந்ததை மட்டும் வைத்து வெட்டுப்பட்ட பிரதி என்று முடிவுகட்டாதீர்கள். மேலே சொன்ன காட்சிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.

கம்பிக்கூடு எழுதியது:

பொம்மைகள் அசைந்தது டோக்கியோவில். தடஹிட்டோ மோச்சினாகாவின் கூடத்தில் வேலை நடந்தது. குரல்களைக் கனடாவின் டொராண்டோவில் முன்கூட்டியே பதிந்து, அந்த ஒலிக்கு ஏற்பப் பொம்மைகளை நகர்த்தினார்கள். வீட்டில் செய்பவர்களும் இந்த வரிசையை மாற்றக் கூடாது: முதலில் குரல், பிறகு எந்தச் சொல் எத்தனையாவது ஃபிரேமில் என்று தாளில் எழுதுவது, அதன் பிறகே கேமரா. படத்தை எடுத்துவிட்டுக் குரல் கொடுத்தால் வாயசைவு ஒருபோதும் ஒட்டாது.

வேலையின் அளவை ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 51 நிமிடம் என்றால் 3,060 விநாடி, 73,440 ஃபிரேம். ஒவ்வொரு நிலையையும் 2 ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் 36,720 தடவை பொம்மையைத் தொட வேண்டும்.

15 செ.மீ. பொம்மைக்கு உள்கூடு: 1.5 மி.மீ. அலுமினியக் கம்பி இரண்டு இழையைத் துளைக்கருவியில் மாட்டி முறுக்குங்கள். மானின் மெல்லிய காலுக்கு 1 மி.மீ. போதும். செம்பு வேண்டாம், வளைக்க வளைக்க இறுகி முறியும். இரும்புக்கம்பி கையை எடுத்ததும் பின்னுக்குத் துள்ளும். மூட்டுக்கும் மூட்டுக்கும் நடுவில் எம்-சீல் பூசி எலும்புபோல இறுக்கிவிட்டால் வளைவு மூட்டில் மட்டும் விழும். எப்படிச் செய்தாலும் முதலில் ஒடிவது கணுக்காலும் கழுத்தும்தான். ஆகவே காலைக் கழற்றி மாட்டும்படி வைத்து, மாற்றுக் கால் நான்கு முன்பே செய்துகொள்ளுங்கள்.

பாதத்தில் 3 மி.மீ. நட் ஒன்றைப் புதைத்து, துளையிட்ட ப்ளைவுட் பலகையின் அடியிலிருந்து போல்ட் ஏற்றி இறுக்க வேண்டும். இதை விட்டுவிட்டுப் பசைக்களிமண்ணை நம்பினால் மின்விசிறிக் காற்றிலேயே பொம்மை நகர்ந்துவிடும்.

சின்னப் பட்டறை எழுதியது:

மேலே விட்டுப்போனது வெளிச்சம். எடுத்த படத்தை ஓட்டினால் பளிச் பளிச்சென்று துடிக்கிறது என்று வருகிற கேள்விகளுக்கு மூன்று காரணம்தான் திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. செல்போன் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தையும் நிறத்தையும் தானாக மாற்றுவது ஒன்று, எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்ஸையும் பூட்டுங்கள். ஜன்னல் வெயில் இன்னொன்று, கனத்த திரை போடுங்கள். மூன்றாவதை யாரும் யோசிப்பதில்லை: வெள்ளைச் சட்டை. நகர்த்துபவர் நிற்கும் இடம் மாற மாறச் சட்டையின் எதிரொளி பொம்மைமேல் மாறி விழும். கறுப்பு அல்லது கருநீலம் உடுத்துங்கள்.

பனிக்குச் சர்க்கரை தூவாதீர்கள், எறும்பு ஊர்வதும் படத்தில் பதியும். உப்பு ஈரக்காற்றில் கசியும். தெர்மாகோல் துகள் கையில் ஒட்டிக்கொண்டு வந்து ஃபிரேமுக்கு ஃபிரேம் இடம் மாறும். பஞ்சை மெலிதாகப் பிரித்து, ஒரு பங்கு பெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஒரு நாள் காயவிட்டால் அசையாது. பொம்மையின் தோலுக்கும் நீண்ட ரோமத்துணி வேண்டாம், விரல் பட்ட இடமெல்லாம் கொதிப்பதுபோல் தெரியும். ஃபெல்ட் துணி நிதானமாக இருக்கும்.

மூக்குக்கு 3 மி.மீ. சிவப்பு எல்இடி. பேட்டரி தேயத் தேய மூக்கு மங்கிக்கொண்டே போகும் என்பதால் 5 வோல்ட் யுஎஸ்பி சார்ஜரிலிருந்து எடுங்கள். 330 ஓம் ரெசிஸ்டர் போட்டால் சுமார் 9 மில்லி ஆம்பியர் ஓடும். கண்ணுக்கு அழகாகத் தெரியும், கேமராவிலோ மூக்கு வெளிறி வெள்ளைப்புள்ளி ஆகிவிடும். 1,000 ஓம் போட்டு 3 மில்லி ஆம்பியருக்கு இறக்கினால்தான் சிவப்பு சிவப்பாகப் பதியும். இனாமல் பூசிய மெல்லிய கம்பியைப் பின்னங்கால் வழியாகக் கீழே இறக்கிவிடுங்கள்.

பழைய சுருள் எழுதியது:

பொம்மைகளைப் பாதுகாத்து வைப்பது பற்றியும் ஒரு வார்த்தை. படத்தின் தயாரிப்பிலிருந்து வந்த சாண்டா, ருடால்ஃப் பொம்மைகள் இரண்டு எஞ்சியிருக்கின்றன. சாண்டா ஏறக்குறைய 11 அங்குலம், ருடால்ஃப் 6 அங்குலம். வருடக்கணக்கில் ஒரு வீட்டில் கிறிஸ்துமஸ் அலங்காரமாக இருந்ததில் சாண்டாவின் மீசை பாதி போயிற்று, ருடால்ஃபின் மூக்கும் போயிற்று. பிறகு செப்பனிட்டார்கள். 2020 நவம்பரில் 3,68,000 டாலருக்கு ஏலம் போய், வாங்கியவர் அட்லாண்டாவில் உள்ள பொம்மலாட்டக் கலை மையத்துக்கே கொடுத்துவிட்டார். இருக்க வேண்டிய இடம் அதுதான்.

உங்கள் பொம்மைகளையும் பரணில் போடாதீர்கள். வெப்பத்தில் ரப்பரும் பஞ்சுநுரையும் பொடியாகும். கம்பியை நேராக்கி, வெள்ளைப் பருத்தித்துணியில் சுற்றி, காற்றோட்டமான அட்டைப்பெட்டியில் படுக்கவையுங்கள். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கும்.

கம்பிக்கூடு எழுதியது:

அசைவைக் கற்க டிவிடியை ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டுபவர்களுக்கு: அமெரிக்கப் பிரதியில் 24 ஃபிரேம் படம் 30 ஆக விரிக்கப்பட்டிருப்பதால் ஐந்தில் இரண்டு ஃபிரேம் கலங்கித் தெரியலாம். அவற்றை எண்ணிக்கையில் சேர்த்தால் கணக்கு தப்பும்.

பொம்மைப்பெட்டி எழுதியது:

முதல் பயிற்சிக்கு எதை எடுப்பது என்று கேட்டவருக்கு: கடைசிப் பெயர்ப்பட்டியலில் குட்டிச்சாத்தான் பொம்மைகளைக் குடையோடு இறக்கும் இடத்தை நிறுத்திப் பாருங்கள். பறவை என்பதால் அதை மட்டும் குடையில்லாமல் விட்டுவிடுகிறான். ஆனால் அது நீந்தும் பறவை, பறக்காது. கவனித்த பிள்ளைகள் பதறிப்போவார்கள். ஆகவே அந்தப் பறவைக்கு ஒரு காகிதக் குடை செய்யுங்கள். மெல்லிய தூண்டில் நரம்பில் தொங்கவிட்டு, நரம்பு மின்னாதபடி அதன்மேல் லேசாகச் சாக்பீஸ் தேயுங்கள். விநாடிக்கு 12 படம் வீதம் 2 விநாடிக்கு 24 படம். 30 செ.மீ. உயரத்திலிருந்து படத்துக்கு ஒன்றேகால் செ.மீ. இறக்கி, 6 படத்துக்கு ஒருமுறை குடையை இடமும் வலமும் சாய்த்தால் போதும், பறவை பத்திரமாகக் கூரையில் வந்து இறங்கும்.