மூங்கில் வில்: அம்பு இடப்பக்கமாகவே விலகுகிறது, உதவி தேவை

தலவாக்கலைத் தம்பி:
வணக்கம். குறிபார்க்கும் கருவி எதுவும் இல்லாத மூங்கில் வில்லில் பழகுகிறேன். வலக்கைக்காரன். வீட்டுக்குப் பின்னால் உள்ள மண்மேட்டை ஒட்டி, உரச் சாக்கில் பழந்துணி திணித்து வைத்து, சுமார் 15 மீற்றர் தள்ளி நின்று எய்கிறேன். முதலில் போகிற அம்புகள் பரவாயில்லை. அப்புறம் ஒரு சாண் அளவுக்கு இடப்பக்கம் விலகுகின்றன, உயரமும் மாறுகிறது. குறியை வலப்பக்கம் தள்ளிப் பிடித்தால் அன்றைக்குச் சரி, மறுநாள் அந்தக் கணக்கும் பிழைக்கிறது. அம்புகளும் மூங்கில்தான், கையால் சீவியவை. கோளாறு கையிலா, அம்பிலா?

பதுளை அக்கா:
தம்பி, தள்ளிப் பிடிப்பதை முதலில் விடுங்கள். அது கோளாறை மறைக்கும், தீர்க்காது. ஒவ்வொரு அம்பிலும் பேனையால் இலக்கம் எழுதுங்கள். எந்த இலக்கம் எங்கே குத்தியது என்று ஒரு கொப்பியில் குறித்து வாருங்கள். ஒரே அம்பு திரும்பத் திரும்ப விலகினால் குற்றம் அம்பில். எல்லாம் மாறி மாறி விலகினால் கையில். இதைப் பார்க்காமல் வில்லைச் சீவப் போய்விடாதீர்கள்!

ஹட்டன் அண்ணன்:
களைத்த பிறகு விலகுகிறது என்றால் கையையும் பார்க்க வேண்டும். நாணை விடும்போது விரல்கள் தளர்ந்தால் போதும், நாண் தானே போய்விடும். கையை முகத்தை விட்டு வெளியே பிடுங்கினால் வலக்கைக்காரருக்கு அம்பு இடப்பக்கம் போகும். விட்ட கை கன்னத்தை உரசிக்கொண்டு காதடிக்குப் பின்னால் போகவேண்டும்.

உயரம் மாறுவதற்குப் பெரும்பாலும் இழுப்புத்தான் காரணம். நடுவிரல் நுனி ஒவ்வொரு முறையும் வாயின் ஓரத்தில் அதே இடத்தைத் தொடவேண்டும். தோள்பட்டை எலும்புகள் இரண்டும் பின்னால் நெருங்குவது போல இழுங்கள், புயத்தால் மட்டும் இழுத்தால் சீக்கிரம் களைத்துவிடும்.

கொஞ்ச நாளைக்குச் சாக்கிலிருந்து நாலைந்து எட்டு தள்ளி நின்று, குறியே வைக்காமல் எய்யுங்கள். எங்கே குத்துகிறது என்ற கவலை இல்லாதபோதுதான் கை செய்வது தெரியும். சலிப்பாக இருக்கும், ஆனால் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. கை நடுங்கத் தொடங்கியதும் நிறுத்திவிடுங்கள். களைத்த கையோடு எய்தால் பிழைதான் பழகும்.

தலவாக்கலைத் தம்பி:
நன்றி அக்கா, அண்ணே. இலக்கம் போட்டுப் பார்த்தேன். 3ம் 5ம் களைப்பில்லாதபோதும் இடப்பக்கம்தான். மற்றவை கிட்ட நின்று பழகிய பிறகு ஒன்றுகூடி வருகின்றன. அந்த இரண்டையும் என்ன செய்யலாம்? மேல் தட்டிலிருந்து கீழ்நோக்கி எய்தால் குறிக்கு மேலே குத்துவதும் ஏன்?

பதுளை அக்கா:
அவை இரண்டும் விறைப்புக் கூடியவையாக இருக்கலாம். 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள் வைத்து, அம்பைக் குறுக்கே போட்டு, நடுவில் 2 இறாத்தல் பாரம் தொங்கவிடுங்கள். போத்தலோடு சேர்த்து 900 கிராம் தண்ணீர் போதும். மற்றவற்றைவிடக் குறைவாக வளைந்தால் விறைப்பு அதிகம். மெல்லச் சீவி, அடிக்கடி அளந்து பாருங்கள். அல்லது முனையைக் கொஞ்சம் பாரமாக்குங்கள்.

ஹட்டன் அண்ணன்:
சரிவில் மேலே எய்தாலும் கீழே எய்தாலும், சமதரையில் அதே தூரத்துக்கு வைக்கும் குறியைவிடச் சற்றுத் தாழ்த்த வேண்டும். கையை மட்டும் இறக்காமல் இடுப்பிலிருந்து வளையுங்கள், இழுப்பு மாறாது. எய்வதற்கு முன் கீழே கொழுந்தெடுக்கிற ஆட்கள், பிள்ளைகள் யாரும் இல்லையென்று நன்றாகப் பாருங்கள். மழைக்காலத்தில் நாணைக் கழற்றிவிட்டு, வில்லை அடுப்படியில் சாத்தாமல் காற்றோட்டமான இடத்தில் படுக்கையாக வையுங்கள்.