பக்கத்து சைட்டில் காட்டுப்பூச்செடிகள்: தீப்பிடிக்காமல் இருக்க எப்போது வெட்டுவது?

சுதா, ஹொரமாவு, பெங்களூரு:
எங்கள் வீட்டை ஒட்டி ஒரு 30க்கு 40 அடி காலி சைட் (மனை). ஓனர் வெளியூரில். "சுத்தமா வச்சுக்கிட்டா போதும்" என்று சொல்லிவிட்டார். மழை முடியும் சமயத்தில் தும்பை, கிலுகிலுப்பை, விஷ்ணுகிராந்தி எல்லாம் தானாகவே பூத்து, வண்ணத்துப்பூச்சி மொய்க்கிறது. ஆனால் பிப்ரவரியில் அத்தனையும் சருகு. போன வருஷம் தெருமுனையில் யாரோ குப்பையைக் கொளுத்தி, புல் பற்றிக்கொண்டு எங்கள் காம்பவுண்டு வரை வந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் இருக்கும் அண்ணன், "மே மாசத்துக்குள்ள வீட்டைச் சுத்தி 30 அடிக்கு, 4 அங்குல உயரத்துக்கு வெட்டிடு" என்கிறார். அதுவரை விடலாமா?

பாஸ்கர்:
ஜேசிபி விட்டு வழித்துவிடுங்கள் மேடம். பாம்புத் தொல்லையும் போகும்.

முரளிதரன்:
ஜேசிபி வேண்டவே வேண்டாம். மண்ணைக் கிளறினால் முதலில் முளைப்பது பார்த்தீனியம் என்ற களைதான்.

சுதா, அண்ணன் சொல்வது அவர் ஊருக்குச் சரி. அங்கே குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி, அதனால் மே. நமக்கு மழை நவம்பரோடு ஓய்ந்து, ஜனவரி முதல் மார்ச் வரைதான் ஆபத்து. மே வரை விட்டால் தீக்கு விருந்து வைத்த மாதிரி. 4 அங்குலம் நல்ல அளவு, அதை எடுத்துக்கொள்ளுங்கள். 30 அடி என்றால் உங்கள் சைட்டின் அகலமே போய்விடும், அதனால் இரண்டு தடவையாக வெட்டுங்கள். கார்த்திகை தீபத்தை ஒட்டி, சுவரோரம் மட்டும் ஒரு ஆறேழு அடிக்கு ஒட்ட வெட்டிவிடுங்கள். மீதியை விதை விழுந்த பிறகு, பொங்கலுக்குள். ஆளுயரக் கினியாப்புல் இருந்தால் அதற்கு இந்தச் சலுகை கிடையாது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, எரிந்தால் நெருப்பு உயரமாக எழும். பூக்கும் முன்பே அடித்துவிடுங்கள்.

சுதா:
விதை முற்றியது எப்படித் தெரியும்? புல் வெட்டும் மெஷின்காரர் வேறு மத்தியானம்தான் வருவேன் என்கிறார்.

முரளிதரன்:
கிலுகிலுப்பைக் காயை ஆட்டிப் பாருங்கள். உள்ளே விதை கலகலவென்று சத்தம் போட்டால் தயார், பச்சைக் காய் பேசாது. தும்பையில் பழுப்பான கொத்தை உள்ளங்கையில் தட்டினால் பொடி விதைகள் உதிரும். வெட்டிய புல்லை இரண்டு நாள் அப்படியே கிடக்கவிட்டு, உதறி அள்ளுங்கள். மிச்ச விதையும் விழுந்துவிடும். குவியலாக மட்டும் விட்டுவிடாதீர்கள், அதுவே எரிபொருள். கொளுத்தவும் கூடாது, கம்போஸ்ட் போடலாம்.

மத்தியானம் வேண்டாம். காய்ந்த புல்லில் பிளேடு கல்லில் பட்டால் ஒரு பொறி போதும். காலையில் பனி ஈரம் இருக்கும்போதே, பத்து மணிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். பிளேடுக்குப் பதில் நைலான் கயிறு மாட்டினால் இன்னும் நல்லது. தடித்த தண்டை அது அறுக்காது, அதற்கு அரிவாள். ஹோஸ் பைப்பும் பக்கத்தில் இருக்கட்டும்.

கீதா அக்கா:
ஆவாரை இருந்தால் வெட்டிவிடாதே சுதா. அடிக்கிளைகளை மட்டும் கழித்து, கீழே சருகு சேராமல் பார்த்துக்கொள். பாம்பு பயம் நிஜம்தான், ஆளுக்கு கம்பூட்ஸ் வாங்கிக் கொடு.

சுதா:
சரி அக்கா. மெஷின்காரரிடம் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லிப் பேசிவிட்டேன், நூறு ரூபாய் கூடக் கேட்கிறார்.