பொருள்: செடியை அடக்கும் மருந்துக்கு ‘வளர்ச்சி ஊக்கி’ என்ற பெயர் பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பருத்திச் செடியின் வளர்ச்சியை ரகத்துக்கு ஏற்ப நிர்வகிப்பது பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். 40 பக்கங்களில் 38 முடிந்துவிட்டன. ஓர் அட்டவணையின் தலைப்பில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். மெபிகுவாட் குளோரைடு போன்றவற்றை நாம் பழக்கத்தில் ‘வளர்ச்சி ஊக்கி’ என்றே எழுதிவிடுகிறோம். ஆனால் அது செய்யும் வேலை ஊக்குவதற்கு நேர் எதிரானது: செடிக்குள் ஜிப்பரெல்லின் என்ற வளர்ச்சி இயக்குநீர் உருவாவதைக் குறைத்து, இனி வரும் கணுவிடைகள் (இரு கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டுப் பகுதிகள்) நீளாதபடி செய்கிறது. சப்பை (பூ மொட்டு) உதிராமலிருக்கத் தெளிக்கும் நாப்தலீன் அசிட்டிக் அமிலமும், முற்றிய காய்கள் ஒருசேர வெடிப்பதற்காகத் தெளிக்கும் எத்தஃபானும் இதே கையேட்டில் வருகின்றன. மூன்றும் ஊக்கி என்றால் படிப்பவர் எதைத்தான் புரிந்துகொள்வார்? எல்லாவற்றுக்கும் ஒரு பொதுப்பெயரும், அடக்கும் வகைக்கு ஒரு தனிப்பெயரும் வேண்டும்.

கையேட்டை மொழிபெயர்ப்பவன்

•

ஐயா, வணக்கம்.

பொதுப்பெயரில் எனக்குத் தயக்கமில்லை. வகுப்பில் ‘வளர்ச்சி ஒழுங்குபடுத்தி’ என்றுதான் சொல்கிறேன். நீளமான சொல்தான், ஆனால் மாணவர்கள் தடுமாறுவதில்லை. சிக்கல் தனிப்பெயரில்தான் இருக்கிறது. சிலர் எழுதும் ‘வளர்ச்சித் தடுப்பி’ எனக்கு உவப்பானதன்று. தடுப்பது என்றால் நின்றுபோவது என்று மாணவர்கள் கொள்கிறார்கள். மருந்து தெளித்த பிறகும் செடி கணு விட்டுக்கொண்டுதான் இருக்கும், கணுக்களுக்கு இடையிலான நீட்டம் மட்டுமே குறையும், இலை சற்றுச் சிறுத்துக் கரும்பச்சையாகும். ஆகவே ‘வளர்ச்சி மட்டுப்படுத்தி’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ‘கணுவிடைச் சுருக்கி’ என்று யாராவது சொல்வதற்கு முன்பே மறுத்துவிடுகிறேன்: ஏற்கெனவே நீண்டுவிட்ட கணுவிடையை எந்த மருந்தும் சுருக்காது.

வேளாண்மை கற்பிப்பவள்

•

ஐயா, அம்மா, இருவருக்கும் வணக்கம்.

நான் இலக்கணம் அறியாதவன், பருத்தி வைப்பவன். இந்தப் பெயரால் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பருவத்தில் குறுகிய காலத்து ரகம் ஒன்றை விதைத்திருந்தேன். இயல்பிலேயே அடக்கமான செடி. பூக்கத் தொடங்கும் நேரத்தில் தண்ணீர் குறைந்து, செடி முழங்காலுக்கு மேல் எழும்பாமல் நின்றது. கையில் இருந்த துண்டுத்தாளில் ‘பருத்திக்கான வளர்ச்சி ஊக்கி’ என்று இருந்ததைப் படித்து, செடி எழும்பும் என்று நம்பி முழு அளவையும் தெளித்தேன். இரண்டு வாரத்தில் வெள்ளைப் பூ உச்சிக்கு வந்துவிட்டது; பூவுக்கு மேலே எண்ணினால் மூன்று கணுதான் இருந்தது. ஐந்துக்குக் கீழே போனாலே செடி ஓய்ந்துவிட்டது என்று பொருள் என்பதை அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். மருந்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆளுயரம் போகும் நீண்ட காலத்து ரகத்தில் அதையே இரண்டு மூன்று முறையாகப் பிரித்துத் தெளித்து நன்மை கண்டிருக்கிறேன். நீங்கள் எந்தச் சொல்லை வைத்தாலும், ‘அடக்கும்’ என்பது அதில் தெரியும்படி வையுங்கள்.

பருத்தி பயிரிடுபவன்

•

அன்பர்களே,

உழவர் நண்பரின் மடல்தான் இதுவரை வந்தவற்றில் சிறந்த ஆதாரம். அவர் சொல்லாமல் விட்ட சொல் ஒன்று உண்டு. நீரும் உரமும் மிகுந்து, காய் பிடிக்காமல் இலையும் தண்டுமாகச் செழித்துவிட்ட செடியை ‘மதர்த்துவிட்டது’ என்கிறோம். ‘மதமதவென்று’ வளர்ந்ததாகவும் சொல்கிறோம். தொல்காப்பிய உரியியல் ‘மதவே மடனும் வலியும் ஆகும்’ என்று சொல்லிவிட்டு, அடுத்த நூற்பாவில் மிகுதியும் வனப்பும் அதற்கு உரிய என்று சேர்க்கிறது. மடன், வலி, மிகுதி, வனப்பு ஆகிய நான்கும் மதர்த்த பருத்தியில் இருக்கின்றன: பார்க்க வனப்பு, தண்டில் வலிமை, இலையில் மிகுதி, காய் வைக்க மறந்த மடமை! எனவே ‘மதர்ப்படக்கி’ என்பதே என் பரிந்துரை. இதில் இன்னொரு நயமும் உண்டு. மதர்க்காத செடிக்கு மதர்ப்படக்கி தேவையில்லை என்பதைச் சொல்லே சொல்லிவிடும். நண்பருடைய குட்டை ரகம் தப்பித்திருக்கும்.

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன்

•

ஐயா,

சொல் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் செடி மதர்த்த பிறகு தெளிப்பதற்கன்று இந்த மருந்து. நுனியிலிருந்து நான்காம் ஐந்தாம் கணுக்களுக்கு இடையே அளந்து பார்த்து, நீட்டம் மிகுகிறது என்று தெரிந்தவுடனே, மதர்ப்பதற்கு முன்பே தெளிக்க வேண்டும். மதர்ப்படக்கி என்று பெயர் வைத்தால், மதர்க்கட்டும் பிறகு அடக்குவோம் என்று காத்திருப்பார்கள். ‘மதர்ப்பு’ என்ற சொல்லை அட்டவணைக்குள் ரகத்தின் தன்மையைக் குறிக்க வைத்துக்கொள்ளலாம்: மதர்ப்பு குறைந்த ரகம், மதர்ப்பு மிகுந்த ரகம் என்று.

வேளாண்மை கற்பிப்பவள்

•

அனைவருக்கும்,

நடுவில் புகுவதற்குப் பொறுத்தருள வேண்டும். முதலில் ‘ரகம்’ என்ற சொல்லையே விடலாமா? வகை என்ற சொல் இருக்கிறது. விட மனமில்லாவிட்டால் ‘இரகம்’ என்றாவது எழுதுங்கள். ‘சப்பை’க்கு ‘நனை’ என்ற பழஞ்சொல்லைத் தொல்காப்பிய மரபியலே தருகிறது. அதே இயல் புறக்காழ் (வெளிப்புற வைரம்) உடையவற்றைப் புல் என்றும் அகக்காழ் (உள்வைரம்) உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பருத்தி மரமே. இது வெறும் புலமை விளையாட்டன்று. பருத்தி இயல்பில் பல்லாண்டு வாழும் செடி. காய்த்த பிறகும் வளர்ந்துகொண்டேயிருப்பது அதன் குணம். அதை ஓராண்டுப் பயிராக நாம்தான் வைத்திருக்கிறோம். அடக்க வேண்டிய தேவை அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே அதை ‘ஒடுக்கி’ என்று சொல்வதே நேர்மை.

தனித்தமிழ் விரும்புபவன்

•

வணக்கம்.

வகை என்று எழுதினால் எங்களுக்கு உயர வகையா, மருந்து வகையா, மண் வகையா என்ற குழப்பம் வரும். விதை வாங்கும்போது எல்லோரும் சொல்வது ரகம்தான். ‘நனை’யைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தெளிப்பு மருந்துக் கையேட்டில் ‘நனை பருவத்தில் தெளிக்கவும்’ என்று இருந்தால், செடியை நனைக்கச் சொல்கிறார்கள் என்றுதான் நான் படிப்பேன். சப்பை சப்பையாகவே இருக்கட்டும்.

பருத்தி பயிரிடுபவன்

•

அன்பர்களே,

நனையைப் பற்றி நண்பர் சொன்னதைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். அவர் பக்கம்தான் நியாயம். ஆனால் ‘ஒடுக்கி’, ‘மட்டுப்படுத்தி’ இரண்டிலும் ஓர் இலக்கணச் சிக்கல் இருப்பதை யாரும் கவனிக்கவில்லை. இவை பெயராகவும் வரும், வினையெச்சமாகவும் வரும். ‘ஒடுக்கி தெளிக்கவும்’ என்றால் ஒடுக்கியைத் தெளிக்கவும் என்று பொருள். இரண்டாம் வேற்றுமைத் தொகையாதலால் வலி மிகாது. ‘ஒடுக்கித் தெளிக்கவும்’ என்றால் முதலில் ஒடுக்கு, பிறகு தெளி என்றாகிவிடும். ஒரு ‘த்’ பொருளையே புரட்டிப் போடுகிறது. ‘ஊக்கி’க்கும் இதே இடர் உண்டென்றாலும், ஊக்கு என்ற வினை பேச்சில் அருகிவிட்டதால் அங்கே யாரும் இடறுவதில்லை. மதர்ப்படக்கியில் முன்னால் நிற்கும் ‘மதர்ப்பு’ ஓரளவு காப்பு என்பதையும் பணிவுடன் சுட்டுகிறேன்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியன்

•

ஐயா, அந்தக் கணக்கில் பெருக்கி, ஆக்கி, கருக்கி என்று பாதிக் கலைச்சொற்களை எரிக்க வேண்டியிருக்கும். முன்னால் ‘வளர்ச்சி’யும் பின்னால் வேற்றுமை உருபும் இருந்தால் மயக்கம் வராது. ‘வளர்ச்சி மட்டுப்படுத்தியைத் தெளிக்கவும்’ என்று உருபை விரித்தே எழுதலாம்.

வேளாண்மை கற்பிப்பவள்

•

அனைவருக்கும் நன்றி.

இன்று வியாழன், இனிக் காத்திருக்க முடியாது. ஐந்து பேர் கருத்துச் சொன்னதில் மூவர் மட்டுப்படுத்தியை ஏற்கிறோம். அந்த மூவரில் நானும் ஒருவன் என்பதால் இதைத் தீர்ப்பு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. பொதுப்பெயர் ‘வளர்ச்சி ஒழுங்குபடுத்தி’, தனிப்பெயர் ‘வளர்ச்சி மட்டுப்படுத்தி’. உழவர் நண்பருக்காக, முதன்முறை வரும் இடத்தில் ‘செடியின் உயரத்தை அடக்கும் மருந்து’ என்று அருகிலேயே எழுதிவிடுகிறேன். அட்டவணையில் மூன்று வரிசைகள்: மதர்ப்பு குறைந்த குறுகிய காலத்து ரகம், நடுத்தர ரகம், மதர்ப்பு மிகுந்த நீண்ட காலத்து ரகம். முதல் வரிசையில், வறட்சியில் தெளிக்கலாகாது என்பதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறேன். ரகம், சப்பை இரண்டும் அப்படியே நிற்கின்றன.

கையேட்டை மொழிபெயர்ப்பவன்

•

அன்பரே,

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ‘மட்டு’ என்றால் சங்கப் பாட்டில் கள்ளும் தேனும் ஆகும் என்பதை மட்டும் பதிந்துவைக்கிறேன். மருந்தின் பெயரில் தேனைக் கலந்துவிட்டீர்கள். மதர்ப்படக்கியை என் சொற்பட்டியலில் நான் வைத்துக்கொள்கிறேன்.

ஓய்வு பெற்ற தமிழாசிரியன்

•

ஐயா,

மெய்ப்பு இப்போதுதான் வந்தது. 23ஆம் பக்கத்தில் மெய்ப்புத் திருத்துநர் உருபை நீக்கிவிட்டு, ‘வளர்ச்சி மட்டுப்படுத்தித் தெளிக்கவும்’ என்று ‘த்’ சேர்த்திருக்கிறார். திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மற்ற இடங்களை இன்றிரவு உட்கார்ந்து தேட வேண்டும்.

கையேட்டை மொழிபெயர்ப்பவன்