அணித் தேர்வைத் தவறவிட்டுத் தோழியோடு உட்கார்ந்துவிட்ட மகள்: பாராட்டுவதா, கண்டிப்பதா?

மைதானத்து அப்பா:
என் மகளுக்குப் பத்து வயது. போன வாரம் பள்ளி ஓட்டப்பந்தய அணிக்கு ஆள் எடுத்தார்கள். அதற்காக மூன்று மாதம் விடியற்காலையில் எழுந்து ஓடினாள். அன்று மைதானத்துக்குப் போகும்போது வகுப்புத் தோழி ஒருத்தி படியில் தடுக்கி விழுந்து, முட்டி கிழிந்து அழுதிருக்கிறாள். இவள் கைக்குட்டையை நனைத்து அழுத்திப் பிடித்தபடி ரத்தம் நிற்கும்வரை உட்கார்ந்துவிட்டாள். போய்ச் சேர்ந்தபோது இவள் பிரிவு ஓடி முடித்திருந்தது. ஆசிரியை பத்தடி தள்ளித்தான் இருந்தாராம். "அவரிடம் விட்டுவிட்டு ஓடியிருக்கலாமே, எது முக்கியம் என்று தெரியாதா?" என்று திட்டிவிட்டேன். மனைவி இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் செய்தது தப்பா?

நிழல்மரம்:
தப்புதான் சகோதரரே. "நல்ல மனசு வேண்டும்" என்று எல்லோரும்தான் பிள்ளைகளிடம் சொல்கிறோம். அந்த மனசுக்கு ஒரு விலை கொடுக்க வேண்டி வரும்போது நாம் என்ன சொல்கிறோம் என்பதைத்தான் அவர்கள் பிடித்துக்கொள்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகக் குழு ஒன்று சுமார் 10,000 அமெரிக்க மாணவர்களைக் கேட்டு 2014-இல் வெளியிட்ட ஆய்வில், சாதனை அல்லது சொந்த மகிழ்ச்சியே முதலிடம் என்றவர்கள் ஏறக்குறைய 80 சதவீதம். "நான் அக்கறையுள்ளவனாக இருப்பதைவிட நல்ல மதிப்பெண் வாங்கினால்தான் பெற்றோர் பெருமைப்படுவார்கள்" என்பதை ஏற்றவர்கள், மறுத்தவர்களைப் போல மூன்று மடங்கு. உங்கள் மகள் அந்தப் பக்கம் போகாமல் இருக்கிறாள். அவளையா திட்டினீர்கள்?

கறார்:
திட்டியது தவறு. சொன்ன விஷயம் தவறில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் பால் புளூம் பல வருடமாக வாதிடுவது இதைத்தான்: ஒத்துணர்வு, அதாவது அடுத்தவர் வலியை நம் வலியாக உணர்வது, டார்ச் வெளிச்சம் மாதிரி, அது விழுந்த இடம் மட்டும்தான் தெரியும். அது தொடர் ஓட்டமாக இருந்திருந்தால்? காத்திருக்கும் மூன்று பேரும் பிள்ளைகள்தானே?

இன்னொன்று. விட்டுக்கொடு, பக்கத்தில் இரு என்று பெண் பிள்ளைகளைத்தான் அதிகம் பழக்குகிறோம். மகன் இப்படி வாய்ப்பை விட்டிருந்தால் இதே அளவு மெச்சுவோமா? தன் கனவுக்கும் ஒரு இடம் உண்டு என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா?

நிழல்மரம்:
பெண் பிள்ளைகள் பற்றிச் சொன்னது நியாயம், மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கு வழி மகனுக்கும் இதைப் பழக்குவது. மகளிடமிருந்து பிடுங்குவது இல்லை.

புதியவள்:
எங்கள் வீட்டில் ஒவ்வொரு உதவிக்கும் ஒரு நட்சத்திர ஒட்டி. பத்து சேர்ந்தால் பொம்மை. இந்தப் பெண்ணுக்கும் ஏதாவது வாங்கிக் கொடுங்களேன்?

நிழல்மரம்:
வேண்டாம் சகோதரி. வார்னெக்கென், தொமாசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் 20 மாதக் குழந்தைகளிடம் பார்த்தது இது. ஒருவர் கைக்கு எட்டாத பொருளை எடுத்துக் கொடுத்ததற்குப் பரிசு பெற்ற குழந்தைகள், பிறகு உதவுவது குறைந்தது. பாராட்டு மட்டும் பெற்றவர்களும் எதுவுமே பெறாதவர்களும் தொடர்ந்து உதவினார்கள். தானாக ஊறுவதற்குக் கூலி கொடுத்தால் அது வேலையாகிவிடுகிறது.

கறார்:
இதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். பரிசும் வேண்டாம், திட்டும் வேண்டாம். அன்று என்ன நினைத்தாள் என்று அவளிடமே கேளுங்கள். அப்புறம் ஆசிரியையைக் கூப்பிடும் வழியையும் சொல்லிக்கொடுங்கள்.

மைதானத்து அப்பா:
நேற்று இரவு விளக்கை அணைத்த பிறகு பேசினேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். அப்புறம், "ஆசிரியையை ஏன் கூப்பிடவில்லை?" என்றேன். "இரண்டு தடவை கூப்பிட்டேன் அப்பா, அங்கே ஒரே சத்தம், அவங்களுக்குக் கேட்கலை. எழுந்து போகலாம்னு பார்த்தேன், அவள் என் கையை விடலை" என்றாள். திட்டிய அன்று இதை நான் கேட்கவே இல்லை.

கறார்:
அப்படியென்றால் உங்கள் மகளைப் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். பெண் பிள்ளைகள் பற்றிச் சொன்னது அப்படியே இருக்கட்டும்.