விசில் நின்றது, குரல் குடத்துக்குள் போனது: அப்பாவின் காது கேட்கும் கருவி

கேள்வி (வைகைக்கரை):

என் தந்தைக்கு வயது 74. காதின் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய கம்பி வழியாகச் சிறு ஒலிபெருக்கியைக் காதுக்குள் இறக்கும் வகைக் கருவிகளை இரண்டு மாதங்களுக்கு முன் இரு காதுகளுக்கும் வாங்கினோம். முதல் வாரம் அவர் மெல்லும்போதெல்லாம் விசில் அடித்தது. வாங்கிய இடத்தில், நுனியிலிருந்த ஓட்டையுள்ள ரப்பர் டோமை எடுத்துவிட்டு ஓட்டையில்லாத பெரிய டோமைப் போட்டுக் கொடுத்தார்கள், விசில் நின்றுவிட்டது. ஆனால் அன்று முதல் தம் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது என்கிறார். சமையலறையில் கரண்டி விழுந்தால் திடுக்கிடுகிறார். பேத்தி பேசுவது காதில் விழுகிறது, சொல்தான் பிடிபடவில்லை என்கிறார். "பழகிவிடும்" என்பதைத் தவிர அங்கு வேறு பதில் கிடைக்கவில்லை. ஆடியோகிராமில் (கேட்புச் சோதனை வரைபடம், டெசிபல் எண் கூடக் கூட இழப்பு அதிகம்) 250, 500 ஹெர்ட்ஸில் 25 டெசிபல், 1000-இல் 40, 2000-இல் 55, 4000-இல் 70 என இரு காதுகளுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு உள்ளது. விலை உயர்ந்த கருவிக்கு மாறுவதுதான் வழியா?

பதில் (பழைய ரேடியோ):

நான் 15 ஆண்டுகளாகக் கருவி அணிபவன். மருத்துவன் அல்லன் என்பதால் விசிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கருவி பெருக்கிக் காதுக்குள் விட்ட ஒலி இடுக்கு வழியே கசிந்து, அதே மைக்கில் நுழைந்து, மறுபடி பெருகும்போது விசில் பிறக்கிறது. கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தால் கூவுகிறதே, அதுதான் இதுவும். உள்ளங்கையைக் காதருகே கொண்டுபோகும்போது மட்டும் கூவினால் கவலை வேண்டாம். மெல்லும்போது கூவினால், டோம் தளர்வாக இருக்கிறது அல்லது முழுதாக உள்ளே போகவில்லை. குறும்பி அடைத்திருந்தாலும் ஒலி அதில் மோதித் திரும்பும் என்பதால், டோமை மாற்றுவதற்கு முன்பே யாராவது காதுக்குள் பார்த்திருக்க வேண்டும். அப்பா கருவியை மாட்டும்போது மறுகையால் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடிக்கிறாரா என்று கவனியுங்கள். நான் முதல் ஆறு மாதம் அப்படிச் செய்யாமல் பாதி வழியிலேயே நிறுத்திவிட்டு, கருவியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பதில் (செவிப் பரிசோதகர்):

சகோதரி, விசிலும் குடக்குரலும் எதிரெதிர்த் திசையில் இழுப்பவை. நாம் பேசும்போது எழும் அதிர்வு எலும்பு வழியாகவும் காதுக்குழாயின் சுவருக்கு வருகிறது. குழாய் திறந்திருந்தால் அது வெளியே போய்விடும், அடைத்தால் உள்ளேயே முழங்கும். கருவியைக் காதிலிருந்து எடுக்காமல் அணைத்துவிட்டு, "ஈ", "ஊ" என்று அப்பாவை நீட்டிச் சொல்லச் சொல்லுங்கள். அப்போதும் முழங்கினால் காரணம் அடைப்பு. முழக்கம் போய்விட்டால், தாழ்ந்த ஒலிகளுக்குக் கூடுதலாகப் பெருக்கம் கொடுத்திருக்கிறார்கள் என்று பொருள், அதைக் கணினியில் குறைத்துவிடலாம். 500 ஹெர்ட்ஸ் வரை அவருக்கு நன்றாகவே கேட்கிறது என்பதால், முழுக்க அடைப்பதற்கு அவசியமே இல்லை. காதின் அச்செடுத்து, காற்றுத் துளை விட்டுச் செய்யும் மோல்டு பெரும்பாலும் இந்த இரண்டு தொல்லைகளுக்கும் நடுவழியாக அமையும். விலை உயர்ந்த கருவியிலும் இதே டோமை மாட்டினால் இதே குடம்தான்.

சொல் பிடிபடாததற்குக் காரணம் வேறு. உயிரொலிகளின் பலம் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. "பாட்டு", "பாக்கு" என்பவற்றைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகளின் நுட்பம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கிறது. அங்கேதான் அவருடைய இழப்பு அதிகம். மேலும், இவ்வகை இழப்பில் மெல்லிய ஒலி கேட்காமல் போனாலும் பலத்த ஒலி பொறுக்க முடியாததாகவே இருக்கும். ஆகவே கருவி மெல்லிய ஒலியை அதிகமாகவும் பலத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்க வேண்டும். கரண்டிச் சத்தம் வலிக்கிறது என்றால் உச்ச ஒலி அளவைக் குறைக்கச் சொல்லுங்கள். மொத்த வால்யூமைக் குறைத்தால் மெய்யொலிகளும் கூடவே போய்விடும். காதுக்குழாயின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், செவிப்பறைக்கு அருகே நுண்குழாய் வைத்து, கருவியை மாட்டிய நிலையில் உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளந்தார்களா என்றும் கேளுங்கள். மின்விசிறியின் இரைச்சலும் காகிதச் சரசரப்பும் சில வாரங்களில் பழகும், அதுவும் தினமும் பல மணி நேரம் அணிந்தால்தான். தவறான பொருத்தம் பழகாது.

பதில் (வைகைக்கரை):

இருவருக்கும் நன்றி. அணைத்த பிறகும் "ஈ" முழங்கியது. மோல்டுக்கு வியாழக்கிழமை அச்செடுக்கிறார்கள். வலப்பக்கக் கருவி மெலிதாகக் கேட்கிறது என்று அப்பா சொன்னதால் டோமைக் கழற்றிப் பார்த்தோம். வெள்ளையாக இருக்க வேண்டிய குறும்பித் தடுப்பு வடிகட்டி பழுப்பாக அடைத்திருந்தது. பெட்டியோடு வந்த குச்சியால் புதியதை மாட்டியதும், "இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டன" என்றார். அளவீட்டுக் கருவி அங்கே இல்லையாம், அதனால் அது இருக்கும் வேறு இடத்தை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.